மாத்திரை கொடுத்தால் மட்டும் போதுமா?

சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் பணக்காரர்களின் வியாதி என்று ஒரு காலத்தில் பேசினார்கள். அந்தப் பேச்சு இன்று எடுபடாது. பஞ்சாலைத் தொழிலாளியின் லைன் வீட்டிலும், விவசாயக் கூலியின் குடிசையிலும் இந்த இரண்டும் குடியேறிவிட்டன. இவற்றின் பின்னாலேயே மூன்றாவதாக ஒன்று வந்து நுழைகிறது. அதுதான் சிறுநீரக வியாதி.

இதற்கு மருந்தே இல்லையா? இருக்கிறது. முற்றிலும் கெட்டுப்போன சிறுநீரகத்தைப் பழையபடி ஆக்கித் தரும் மாத்திரை உலகில் எங்கும் இல்லை. ஆனால் முற்றவிடாமல் பல ஆண்டுகள் தள்ளிப்போடும் மருந்துகள் உண்டு. தமிழ்நாட்டில் அவற்றில் பலவும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கின்றன. 1994ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக் கொதிப்பு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, கோவையில் அது 1955ல் தொடங்கியது. இவையெல்லாம் யாரும் போட்ட பிச்சை அல்ல. மக்களின் வரிப் பணமும் தொழிலாளியின் சந்தாப் பணமும் இதில் இருக்கின்றன.

பிறகு என்ன குறை? மாத்திரை கைக்கு வந்து சேருகிறது. அதை எப்படிச் சாப்பிட வேண்டும், எதோடு சாப்பிடக் கூடாது, எப்போது நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும் என்ற விவரம் வந்து சேருவதில்லை. மருந்தில் பாதிதான் மாத்திரை. மறு பாதி, அதைப் பற்றிய விளக்கம். அந்த மறு பாதியைத் தரப் படித்தவர் மருந்தாளுநர். நம் பெரியவர்கள் கம்பவுண்டர் என்பார்களே, அவர்தான். அவர் வாய் திறந்து பேசுவதற்கு நேரமும் இடமும் கொடுக்க வேண்டியது சர்க்கார். அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்.

சத்தம் போடாத வியாதி

முதலில் வியாதியின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். முதுகுப்புறத்தில் முஷ்டி அளவில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் சின்னஞ்சிறு வடிகட்டிகள். நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை அவை ரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதைத் திருப்பி உள்ளே அனுப்பி, கழிவை மட்டும் ஒன்றரை லிட்டர் சிறுநீராக வெளியே தள்ளுகின்றன. லீவு இல்லை, ஷிப்டு இல்லை, ஓவர்டைம் இல்லை. இந்த உழைப்பாளி பாதிக்கு மேல் கெட்டுப்போன பிறகும் வலி என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. கால் வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி என்று தெரிய ஆரம்பிக்கும்போது காலம் கடந்துவிடுகிறது.

நாட்டில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் முதல் எதிரிகள் சர்க்கரையும் ரத்தக் கொதிப்புமே. ஆனால் இந்த இரண்டும் இல்லாத உழைப்பாளிகளையும் இந்த வியாதி விடவில்லை. இலங்கையின் வட மத்திய மாகாணத்து நெல் விவசாயிகள், ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தின் உத்தானம் பகுதி ஜனங்கள், மத்திய அமெரிக்காவில் நிகராகுவா, எல் சால்வடார் நாடுகளின் கரும்பு வெட்டும் தொழிலாளிகள் என்று பல இடங்களில் இது கூட்டம் கூட்டமாகத் தாக்கியது. கடும் வெயிலில் தண்ணீர் இல்லாமல் உழைப்பது ஒரு காரணம் என்று பலர் சொல்கிறார்கள். பூச்சி மருந்து, குடிநீர் ஆகியவற்றையும் சந்தேகிக்கிறார்கள். முடிந்த முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். வெயிலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவனுக்கு இந்த வியாதி தூரத்து விஷயம் அல்ல.

வலி இல்லாத வியாதிக்கு தினமும் மாத்திரை சாப்பிடச் சொன்னால் மனிதன் என்ன நினைப்பான்? "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு இந்த மாத்திரை?" என்றுதான் நினைப்பான். ஒரு மாதம் சாப்பிடுவான். தலைசுற்றல் போனதும் நிறுத்துவான். ரத்தக் கொதிப்பு மறுபடி ஏறும். சத்தமில்லாமல் வடிகட்டிகள் ஒவ்வொன்றாகச் சாகும். "உடம்பு நன்றாக இருப்பதே இந்த மாத்திரையால்தான்; நிறுத்தாதே" என்ற ஒரு வாக்கியத்தை யாராவது அவனிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால்?

யார் குற்றம்?

"படிக்காத ஜனங்கள். சொன்னாலும் கேட்பதில்லை. இலவசமாகக் கொடுத்தாலும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை." ஆஸ்பத்திரி வராந்தாக்களில் இந்தப் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். இது உண்மைதானா என்று பார்ப்போம்.

2003ல் உலக சுகாதார நிறுவனம் இது குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பணக்கார நாடுகளிலேயே, நீண்ட கால வியாதி உள்ளவர்களில் சுமார் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து சாப்பிடுகிறார்கள் என்று அது கூறியது. நோயாளியைக் குறை சொல்வதால் பயனில்லை, அவனுக்குத் துணை நிற்க வேண்டும் என்றும் கூறியது. ஆக, காலேஜ் படித்த வெள்ளைக்காரனும் தவறவிடுகிறான். இதில் படிக்காத ஜனம் என்று நம்மை மட்டும் தனியாகப் பிரித்துப் பேசுவது என்ன நியாயம்?

நம் தொழிலாளி ஏன் தவறவிடுகிறான்? காரணங்களை அவன் வேலை செய்யும் இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருக்கிறது. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று அர்த்தம். ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிப்டு பார்ப்பவனுக்குக் காலை எது, இரவு எது? அவன் விடியற்காலையில் வந்து படுக்கிறான், மதியம் எழுந்திருக்கிறான், அடுத்த வாரம் ஷிப்டு மாறுகிறது. அவனுடைய நாள் வேறு, சீட்டில் எழுதிய நாள் வேறு. குழம்பிப் போய் விட்டுவிடுகிறான். ஆனால் விஷயம் என்ன? பிரிட்டனில் 21 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2022ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, ரத்தக் கொதிப்பு மாத்திரையைக் காலையில் சாப்பிட்டாலும் மாலையில் சாப்பிட்டாலும் பலன் ஒன்றே என்று காட்டியது. தவறாமல் தினமும் சாப்பிடுவதே முக்கியம். ஷிப்டுக்குத் தகுந்தபடி ஒரு நேரத்தைச் சேர்ந்து உட்கார்ந்து குறித்துக் கொடுத்தால் போதும். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் யாரிடம் இருக்கிறது?

கால் வீக்கத்துக்கு நீர் இறங்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் அது வேலையைத் தொடங்கி, ஏறத்தாழ ஆறு மணி நேரம் அடிக்கடி ஒதுங்க வைக்கும். நடவு வயலில் நிற்கும் பெண் எங்கே ஒதுங்குவாள்? சூப்பர்வைசரிடம் கைகட்டி அனுமதி கேட்க வேண்டிய மில் பெண் எத்தனை முறை கேட்பாள்? ஆகவே வேலைக்குப் போகும் நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறாள். தண்ணீரும் குடிக்காமல் இருந்துவிடுகிறாள். இது அலட்சியமா? மானத்தோடு வேலை செய்ய அவளுக்குத் தெரிந்த ஒரே வழி. வேலை முடிந்து வந்தபின் மாலையிலேயே சாப்பிடும்படி டாக்டரைக் கேட்டு நேரத்தை மாற்ற முடியும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கவும் யாரும் இல்லை.

போன மாதம் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். இந்த மாதம் அதே மருந்து வேறு கம்பெனியிலிருந்து மஞ்சளாக வருகிறது. ஒருவர் "மாத்திரையை மாற்றிவிட்டார்கள்" என்று பயந்து தூக்கி எறிகிறார். இன்னொருவர் வீட்டில் மிச்சம் இருந்த வெள்ளையையும் புதிய மஞ்சளையும் சேர்த்தே விழுங்குகிறார். ஒரே மருந்து, இரட்டை அளவு. அட்டையில் எழுதியிருப்பதோ இங்கிலீஷ். குற்றம் யாருடையது?

தெரிந்தால் மருந்து, தெரியாவிட்டால் நஞ்சு

மற்ற வியாதிகளைவிட சிறுநீரக வியாதிக்கு இந்த விளக்கம் அதிகம் தேவை. ஏன்? நாம் சாப்பிடும் மருந்துகளில் பலவற்றை உடம்பிலிருந்து வெளியே தள்ளுவதே சிறுநீரகம்தான். அது தளர்ந்துவிட்டால் மருந்து உள்ளேயே தங்கும். பிறருக்குச் சரியான அளவு, இவருக்கு அதிக அளவாகிவிடும்.

உடம்பு வலி மாத்திரையை எடுத்துக்கொள்வோம். நாள் முழுதும் மூட்டை தூக்கியவன், குனிந்து களை எடுத்தவள், எட்டு மணி நேரம் ரிங் பிரேம் முன்னால் நின்றவன் எல்லோரும் மாலையில் பெட்டிக் கடையிலோ மருந்துக் கடையிலோ "ஒரு வலி மாத்திரை கொடு" என்று வாங்கி விழுங்குகிறார்கள். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவனுக்கு இவை பெரிய தீங்கு. வெயிலில் நீர் வற்றிய உடம்போடு, ரத்தக் கொதிப்பு மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவன் இதையும் சேர்த்து விழுங்கினால் ஒரு சில நாட்களிலேயே சிறுநீரகம் நின்றுபோகவும் கூடும். வலி வந்தால் பாராசிட்டமால் போதுமா, எத்தனை வரை சாப்பிடலாம் என்று கேட்டுச் சாப்பிட வேண்டும். இதை அவனுக்கு யார் சொன்னார்கள்?

எனலாப்ரில், லோசார்டன் போன்ற மாத்திரைகள் ரத்தக் கொதிப்பைக் குறைப்பதோடு, சிறுநீரில் புரதம் ஒழுகுவதையும் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கின்றன. ஆனால் கடும் பேதியோ வாந்தியோ கண்டு உடம்பில் நீர் வற்றிய நாளில் இதே மாத்திரை சிறுநீரகத்தை இன்னும் தளர்த்தும். அந்த நாட்களில் இதைத் தொடர்வதா, நிறுத்தி வைப்பதா என்று உடனே டாக்டரிடம் கேட்க வேண்டும். குணமானதும் மறுபடி தொடங்கவும் வேண்டும். பாருங்கள், நாள்தோறும் காப்பது ஒரு நாள் கெடுக்கிறது. இந்த நுட்பத்தை அட்டை சொல்லாது. மனிதன்தான் சொல்ல வேண்டும்.

வியாதி முற்றும்போது ரத்தத்தில் பாஸ்பரஸ் சேராமல் தடுக்கக் கால்சியம் மாத்திரை கொடுப்பதுண்டு. அதைச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால்தான் சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைப் பிடித்து வெளியே கொண்டுபோகும். வெறும் வயிற்றில் போட்டால் அந்தப் பயன் இல்லை. இரும்புச் சத்து மாத்திரையோ கால்சியத்தோடும் டீயோடும் சேர்ந்தால் உடம்பில் ஒட்டாது. தனியாகச் சாப்பிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டு டீயைக் குடித்து விழுங்கினால், மாதம் முழுதும் சாப்பிட்டும் பாதி வீண்.

சிறுநீரகம் தளரத் தளர இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். பழைய அளவையே போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கும். வேர்வை, நடுக்கம், மயக்கம் வரும். ஓடும் மெஷின் அருகே மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சோற்றுப் பக்கமும் இப்படித்தான். சாதாரண உப்புக்குப் பதிலாக விற்கும் சோடியம் குறைந்த உப்புகள் சிலவற்றில் பொட்டாசியம் இருக்கிறது. வியாதி முற்றியவர்களுக்கு அது இதயத்தையே நிறுத்தக் கூடியது. இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். நட்சத்திரப் பழம் என்கிற தமரத்தங்காய் சிறுநீரக வியாதிக்காரருக்கு விஷம். தண்ணீரும் எல்லோருக்கும் ஒரே கணக்கல்ல. வெயிலில் வேலை செய்பவனுக்கு நிறையக் குடி என்பது மருந்து. டயாலிஸிஸ் செய்துகொள்பவனுக்கு அதே தண்ணீர் மூச்சை முட்ட வைக்கும். உனக்கு எவ்வளவு என்று ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டம் இருக்கிறது, ஆள் எங்கே?

இத்தனையும் டாக்டர் சொல்லலாமே என்று கேட்கலாம். ஒரு காலை நேரத்தில் அவர் முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். மேலும், மருந்து என்ன, எதோடு சேரும், எதோடு மோதும் என்பதையே பாடமாகப் படித்தவர் மருந்தாளுநர். பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று 1948ன் மருந்தாளுநர் சட்டம் வகுத்தது. 2015ல் வந்த விதிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போயின. மருந்தின் பெயர், அளவு, எதற்காக, எத்தனை நாள், என்ன தொந்தரவு வரலாம், ஒரு வேளை தவறினால் என்ன செய்வது, எப்படிப் பத்திரப்படுத்துவது என்பதையெல்லாம் நோயாளிக்கு விளக்குவது அவர் கடமை என்று எழுதி வைத்தன.

காகிதத்தில் இருக்கிறது. நடப்பில் என்ன? ஒரு கை நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல். அதற்குப் பின்னால் ஒரு மனிதர். முன்னால் நூற்றுக்கணக்கானவர்கள். சீட்டைப் பார்த்து, எண்ணி, வெட்டி, ரிஜிஸ்தரில் எழுதி, கம்ப்யூட்டரில் ஏற்றி, அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். அவர் பேசவில்லை என்று அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவரும் நம்மைப் போல ஓர் உழைப்பாளி. நாலு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டியவர்கள்மேல்தான் நம் கோபம் திரும்ப வேண்டும்.

தனியார் மருந்துக் கடைகளில் நிலைமை வேறு. சுவரில் ஒரு மருந்தாளுநரின் சர்டிபிகேட் தொங்கும். ஆள் இருக்க மாட்டார். குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் பையன் கேட்டதை எடுத்துக் கொடுப்பான். எல்லாக் கடையும் இப்படி என்று சொல்லவில்லை. நியாயமாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சீட்டு இல்லாமல் வலி மாத்திரையை அள்ளி விற்பதில் லாபம் இருக்கிறது. "உனக்கு இது ஆகாது" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதில் லாபம் இல்லை.

"இதற்கெல்லாம் ஆள் போடப் பணத்துக்கு எங்கே போவது?" என்று சிலர் கேட்பார்கள். கணக்கையே பார்ப்போம். வியாதி முற்றினால் வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நாலு மணி நேரம், ஆயுள் முழுதும் டயாலிஸிஸ். அதற்கு மெஷின், தண்ணீர், மருந்து, நர்சு. நோயாளிக்கு அந்த நாட்களில் கூலி இல்லை. துணைக்கு வருபவருக்கும் கூலி இல்லை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒரு மருந்தாளுநரை மேஜை நாற்காலி போட்டு உட்கார வைப்பதா அதிகச் செலவு?

"பாமரனுக்குச் சொன்னால் புரியுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. நூல் நம்பர் பார்த்து மெஷினை ஓட்டுபவனுக்கு, விதைப்பு முதல் அறுப்பு வரை நாள் கணக்குப் பிசகாமல் வேலை செய்பவளுக்கு, மாத்திரைக் கணக்கா புரியாது? அவர்கள் தமிழில், அவர்கள் வேலையை அறிந்து சொன்னால் புரியும்.

என்ன செய்ய வேண்டும்?

சர்க்காரிடமும் நிர்வாகங்களிடமும் நாம் கேட்பவை இவை:

1. சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிகளிலும் காலியாக உள்ள மருந்தாளுநர் இடங்களை நிரந்தர வேலையாக நிரப்ப வேண்டும்.

2. சிறுநீரகப் பிரிவிலும் டயாலிஸிஸ் பிரிவிலும் விளக்கம் சொல்வதற்கென்றே ஒரு மருந்தாளுநர் வேண்டும். ஜன்னல் போதாது, நோயாளி உட்கார இடம் வேண்டும்.

3. மருந்து உறையில் தமிழில், பெரிய எழுத்தில் எழுத வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சூரியன், சந்திரன், சோற்றுத் தட்டு என்று படம் போட வேண்டும். மாத்திரையின் நிறம் மாறினால் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

4. மருந்துக் கடைகளில் மருந்தாளுநர் நேரில் இருக்கிறாரா என்று அதிகாரிகள் சோதிக்க வேண்டும்.

5. மில்லிலும் வயலிலும் குடிநீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும். மில்லில் இவற்றை 1948ன் தொழிற்சாலைச் சட்டமே கட்டாயம் ஆக்கியது. தண்ணீர் குடிக்கவும் ஒதுங்கவும் நேரம் தராத இடத்தில் எந்த மாத்திரையும் வேலை செய்யாது.

இவை வரும்வரை நாம் சும்மா இருக்கலாமா? கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, சூரணம் உள்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஜன்னலில் நின்று ஐந்து கேள்வி கேளுங்கள்: இது எதற்கு? சோற்றுக்கு முன்னா, பின்னா? என் ஷிப்டுக்கு எந்த நேரம்? எதோடு சேர்க்கக் கூடாது? ஒரு வேளை தவறினால் என்ன செய்வது? பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால், அவருக்காகவும் சேர்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள். சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கங்களுக்கும் ஒரு வேலை உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசுக்கோ கிராமத்துச் சாவடிக்கோ ஒரு மருந்தாளுநரை அழைத்து வந்து பேசச் சொல்லுங்கள். வர மனமுள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கூப்பிடுவோர்தான் இல்லை. கூலி, போனஸ், பஞ்சப்படி கேட்கும் மனுவில் டிஸ்பென்சரிக்கு மருந்தாளுநர் வேண்டும் என்ற ஒரு வரியையும் சேருங்கள்.

உழைப்பவனுக்கு உடம்புதான் முதல். அதைக் காக்கும் மாத்திரையைக் கேட்டு வாங்கினோம். அதை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லித் தரும் மனிதரையும் கேட்டு வாங்குவோம்.